ஆடும் விளம்பரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

கணிப்பொறியில் பாடத்துக்கு வேண்டிய ஒரு கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் உள்ள எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன. ஆனால் வலது ஓரத்தில் ஒரு செருப்பு குதிக்கிறது. அதற்குக் கீழே ஒரு கார் மலைப்பாதையில் ஓடுகிறது. பக்கத்தின் அடியில் 'இன்றே வாங்குங்கள்' என்ற சொற்கள் மின்னி மின்னி மறைகின்றன. சற்று நேரத்தில் மடிக்கணிப்பொறியின் அடிப்பக்கம் சுடத் தொடங்குகிறது. உள்ளே விசிறி இரைகிறது. பக்கத்தை மேலே தள்ளினால் அது ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் நகர்கிறது. "பழைய பெட்டி, இனி புதிதுதான் வாங்க வேண்டும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

பெட்டி பழையதாகவே இருக்கட்டும். எழுத்தும் படமும் உள்ள ஒரு பக்கத்தைக் காட்டுவது பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணிப்பொறிக்குக்கூடப் பெரிய வேலையன்று. அது திணறுவதற்குக் காரணம், நீங்கள் கொடுத்த வேலையோடு நீங்கள் கொடுக்காத வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பதுதான். இந்த இரண்டாவது வேலையை நிறுத்திவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு என்பது என் கருத்து. விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் இயந்திரத்தை உங்களைக் கேட்காமல் வேலை வாங்கும் விளம்பரம் கூடாது என்கிறேன். இரண்டும் வேறு வேறு. ஏன் வேறு என்பதை இயற்பியல் கொண்டே விளக்கலாம்.

திரை என்பது புள்ளிகளால் ஆனது. சாதாரண மடிக்கணிப்பொறி ஒன்றில் கிடைவரிசையில் 1,366 புள்ளிகளும் நெடுவரிசையில் 768 புள்ளிகளும் இருக்கும். பெருக்கினால் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஆனால் காட்சி மாறாதபோது முன்பு வரைந்து வைத்த படத்தையே மீண்டும் காட்டினால் போதும், புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை. அப்போது கணிப்பொறியின் மூளையாகிய செயலி என்ன செய்கிறது தெரியுமா? தூங்குகிறது! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இன்றைய செயலிகள் வேலை இல்லாத ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் தம் பகுதிகளுக்கு மின்சாரத்தைக் குறைத்து ஓய்வு நிலைக்குப் போகும்படி அமைக்கப்பட்டவை. நீங்கள் ஒரு பத்தியைப் படிக்கும் அரை நிமிடத்தில் செயலி பெரும்பகுதி நேரத்தை இப்படித்தான் கழிக்கிறது. பேட்டரி மணிக்கணக்கில் தாங்குவதன் இரகசியமும் இதுவே.

ஒரு சிறிய ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு வண்டிகள்தான் அங்கே நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் சிப்பந்தி சற்றே கண்ணயரலாம். ஆனால் குறும்புக்காரன் ஒருவன் நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டினால்? ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து கதவைத் திறக்க அரை நிமிடம்தான் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் அவருக்கு இரவு முழுவதும் தூக்கம் போய்விடும். அசையும் விளம்பரம் செய்வது இதைத்தான். நொடியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 17 மில்லிநொடிக்கு ஒருமுறை அது செயலியைத் தட்டி எழுப்பக்கூடும்.

இணையத்தில் மிகுதியாகக் காணப்படும் விளம்பரக் கட்டம் ஒன்றின் அளவு 300-க்கு 250 புள்ளிகள். பரப்பு 75,000 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அதை மாற்றி வரைந்தால் 45 லட்சம் புள்ளிகள். ஒரு பக்கத்தில் இப்படி மூன்று கட்டங்கள் இருந்தால் ஒரு நொடியில் ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் புள்ளிகளை வரைந்தாக வேண்டும். வரைவதற்கு முன் எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று கணக்கிடவும் வேண்டும்.

"அந்தப் படக்கோப்பு சில நூறு கிலோபைட்தானே, அது என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கோப்பு வந்து சேரும்போது சுருக்கப்பட்டிருக்கிறது. காட்டுவதற்கு அதை விரித்தாக வேண்டும். விரித்த பின் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் இடம் தேவை. 75,000 புள்ளிகளுக்கு 3 லட்சம் பைட். நூறு சட்டங்கள் கொண்ட அசைபடம் முழுவதையும் விரித்து நினைவகத்தில் வைத்தால் 3 கோடி பைட், அதாவது 30 மெகாபைட்! கைக்கடக்கமாக மடித்து வந்த பந்தலை விரித்தால் தெருவையே அடைத்துக்கொள்வது போல.

இனி வெப்பத்துக்கு வருவோம். செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் சிறு சிறு மின்தேக்கிகளைப் போல மின்னேற்றம் பெற்று, இழந்து, மறுபடி பெறுகின்றன. ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. இப்படிச் செலவாகும் திறன், நிலை மாறும் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. வேலை அதிகமானால் செயலி தன் அதிர்வெண்ணை உயர்த்துகிறது. அதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. ஆகவே வேகம் ஒரு பங்கு கூடினால் வெப்பம் அதைவிட அதிகப் பங்கு கூடுகிறது. விசிறியால் சமாளிக்க முடியாத நிலை வந்ததும், வெந்து போகாமலிருக்கச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியில் பல ஆண்டுத் தூசி படிந்திருந்தால் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும். செருப்பு குதிப்பதற்கும் நீங்கள் தட்டச்சு செய்த எழுத்து தாமதமாகத் திரையில் தோன்றுவதற்கும் இதுவே ஒரு தொடர்பு.

இன்னொரு தொடர்பு நினைவகம் வழியாக வருகிறது. நம் மாணவர்களுக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த இயந்திரம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கலாம். அத்தகைய பழைய இயந்திரங்களில் நினைவகம் 2 அல்லது 4 ஜிகாபைட்தான். சுழலும் தட்டு கொண்ட வட்டு உள்ளே இருக்கும். பக்கமும் அதன் விளம்பரங்களும் அவற்றோடு வரும் நிரல்களும் சேர்ந்து நினைவகத்தை நிரப்பிவிட்டால், கணிப்பொறி சில பகுதிகளை வட்டுக்கு மாற்றிவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோநொடி ஆகிறது. வட்டில் உள்ள முனை நகர்ந்து உரிய இடத்தை அடைய ஏறக்குறைய 10 மில்லிநொடி. வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு! மேசையில் உள்ள புத்தகத்தை எடுக்க ஒரு நொடி ஆகுமானால், வட்டில் உள்ள புத்தகத்தை எடுக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும். பெட்டி உறைந்துபோனது போல் நிற்கிறதே, அது இந்தக் காத்திருப்புதான்.

விளம்பரங்கள் எப்போது ஆடத் தொடங்கின? 1994 அக்டோபர் 27-ஆம் நாள் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வெளிவந்தது. இணையப் பட்டை விளம்பரங்களின் வரலாற்றை அந்த நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் உருவாக்கிய ஜிஃப் என்ற படவகை ஏற்கெனவே இருந்தது. பல சட்டங்களை நேர இடைவெளியோடு அடுக்கும் வசதி 1989-இல் அதற்கு வந்தது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி அந்தச் சட்டங்களை முடிவின்றிச் சுழலவிடும் வழியைச் சேர்த்தது. அன்று பிடித்த ஆட்டம் இன்னும் நிற்கவில்லை.

ஆனால் ஜிஃப் வெறும் படந்தான். 1996-இல் பிறந்த ஃபிளாஷ் அப்படியன்று. அது உங்கள் செயலியில் ஓடும் ஒரு நிரல். வரையவும் கணக்கிடவும் ஒலியெழுப்பவும் அதனால் முடிந்தது. விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம், செயலிக்குத் திண்டாட்டம். ஐபோனில் ஃபிளாஷை ஏன் அனுமதிக்கவில்லை என்று 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று பேட்டரி. வீடியோவை அதற்கென அமைந்த வன்பொருள் விரித்தால் 10 மணி நேரம்வரை ஓடும், மென்பொருளே விரித்தால் 5 மணி நேரம்கூடத் தாங்காது என்றார். அவருக்கு வியாபார நோக்கமும் இருந்திருக்கும். அது வேறு விஷயம், இயற்பியல் சரிதான். 2015 செப்டம்பரில் குரோம் உலாவி பக்கத்தின் முக்கியப் பகுதியாக இல்லாத ஃபிளாஷ் காட்சிகளைத் தானே நிறுத்திவைக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது.

ஃபிளாஷ் போனதும் தொல்லையும் போயிற்றா? இல்லை. ஃபிளாஷ் என்பது உலாவியில் தனியாகப் பொருத்திய ஒரு துண்டு. வேண்டாமென்றால் கழற்றி எறியலாம். இன்றைய விளம்பரங்களோ உலாவிக்குள்ளேயே இருக்கும் ஜாவாஸ்கிரிப்டையும் வீடியோ வசதியையும் கொண்டு ஆடுகின்றன. இவற்றை முழுவதும் அணைத்தால் உங்கள் தேர்வு முடிவுப் பக்கம்கூடத் திறக்காமல் போகலாம். குடியிருப்பவரும் திருடனும் ஒரே வாசலில் வரும்போது பூட்டுப் போடுவது கடினம் அல்லவா?

இதில் தவறு நடக்கிறது என்பது விளம்பரத் துறைக்கே தெரியும். தன் விளம்பர வலையில் சேரும் அசைபடங்களுக்கு கூகுள் வைத்திருக்கும் விதிகளைப் பாருங்கள். அசைவு 30 நொடிக்குள் நின்றுவிட வேண்டும், ஜிஃப் படம் நொடிக்கு 5 சட்டங்களுக்கும் குறைவாகவே ஓட வேண்டும். நல்ல விதிகள். அதே நிறுவனத்தின் குரோம் உலாவி 2020 ஆகஸ்டில் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. ஒரு விளம்பரம் 4 மெகாபைட்டுக்கு மேல் தரவு இறக்கினாலோ, ஏதேனும் 30 நொடிக்குள் செயலியின் 15 நொடியைத் தின்றாலோ, மொத்தத்தில் 60 நொடியைத் தின்றாலோ அதை வெளியேற்றிவிடும். இத்தகைய கனமான விளம்பரங்கள் மொத்தத்தில் 0.3 விழுக்காடுதான், ஆனால் விளம்பரங்கள் செலவழிக்கும் செயலி நேரத்தில் 28 விழுக்காட்டையும் தரவில் 27 விழுக்காட்டையும் அவையே எடுத்துக்கொள்கின்றன என்று அந்த நிறுவனம் கூறியது.

இந்த எண்களை மெச்சுவதற்கு முன் சற்று நிதானித்துக் கணக்குப் போடுங்கள். 30 நொடியில் 15 நொடி என்றால் சரிபாதி. 14 நொடி எடுத்துக்கொண்டால்? குற்றமில்லை! மொத்த வரம்பாகிய 60 நொடியை எட்டும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு, ஒரே ஒரு விளம்பரம் செயலியின் ஒரு கருவில் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நான்கு விளம்பரங்கள் இருந்தால் நான்குக்கும் தனித்தனி வரம்பு. புத்தம் புதிய எட்டுக் கரு இயந்திரத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. இரண்டு கரு கொண்ட பழைய இயந்திரத்துக்கு? வரம்பு வைத்தவர் விளம்பரத்தில் வாழ்பவர் என்பதையும் மறக்க வேண்டாம். வேலிக்குக் காவலாக வெள்ளாட்டை வைத்தது போல என்று சொன்னால் சற்று அதிகம்தான். ஆனால் வேலியின் உயரத்தை ஆடு தீர்மானிக்கக் கூடாது.

மறுபக்க நியாயத்தையும் பார்ப்போம். பல இணையதளங்கள் விளம்பர வருமானத்தில்தான் நடக்கின்றன. இலவசமாகப் படிக்கிறோம், ஒரு விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம். அச்சுப் பத்திரிகையிலும் விளம்பரம் உண்டு. ஆனால் அந்த விளம்பரம் உங்கள் வீட்டு விளக்கின் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மேசையைச் சூடாக்குவதில்லை. பார்க்காவிட்டால் அது சும்மா கிடக்கும். ஆடும் விளம்பரத்தை அப்படி ஒதுக்கவும் முடியாது. நம் விழித்திரையின் ஓரப் பகுதி நுணுக்கமான உருவங்களைப் பார்ப்பதில் மட்டமானது, அசைவைப் பிடிப்பதில் கெட்டி. ஓரத்தில் ஒன்று அசைந்தால் கண் தானாகத் திரும்பும். படிப்பவரின் விருப்பம் அங்கே எடுபடாது. இதனால்தான் 2008-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில் ஒன்றைச் சேர்த்தது: மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானே அசையத் தொடங்கி 5 நொடிக்கு மேல் நீடிக்கும் எதற்கும், அதை நிறுத்தும் வழி பயனருக்கு இருக்க வேண்டும். எத்தனை விளம்பரங்களில் அந்த நிறுத்து பொத்தானைப் பார்த்திருக்கிறீர்கள்?

கூலிக் கணக்கைச் சரியாகவே போடுவோம். வெறுமனே படிக்கும்போது உங்கள் இயந்திரம் 8 வாட் எடுக்கிறது, விளம்பரங்கள் ஆடும்போது 16 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட்-மணி பேட்டரி முதல் நிலையில் 5 மணி நேரம் வரும், இரண்டாவதில் இரண்டரை மணி நேரம். மின்கட்டணத்தில் பார்த்தால் நாளைக்கு மூன்று மணி வீதம் மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. பணமாக அற்பம். மின்கட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. உண்மையான கூலி வேறிடத்தில் இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் பாதியில் அணைந்துபோகும் பாடம் ஒன்று. 'மெதுவாகிவிட்டது' என்று தூக்கி எறியப்படும் நல்ல இயந்திரம் மற்றொன்று. பல மடிக்கணிப்பொறிகள் தம் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அவற்றைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே இருக்கும் இயந்திரத்தை இன்னும் மூன்று ஆண்டு ஓட்டுவது, புதிதாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் நல்லது.

சரி, எப்படி நிறுத்துவது? முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் வைத்தியம் செய்யக் கூடாது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஷிப்ட், எஸ்கேப் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு செயலி நேரத்தையும் நினைவகத்தையும் எடுத்துக்கொள்கிறது என்ற பட்டியல் வரும். (கணிப்பொறி முழுவதற்குமான பட்டியல் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் வரும்.) விளம்பரமே இல்லாத ஒரு பக்கத்தையும், ஆடும் விளம்பரங்கள் உள்ள ஒரு பக்கத்தையும் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். குற்றவாளி விளம்பரம் அல்ல, நீங்கள் திறந்து மறந்துபோன முப்பது பக்கங்கள்தாம் என்று தெரிய வந்தால் அவற்றை மூடுங்கள், போதும்.

விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் அமைப்புகள் பகுதியில் அசைவுகளைக் குறைக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால், அந்த விருப்பத்தை மதிக்கும் பக்கங்கள் அடங்கியிருக்கும். விளம்பரங்கள் எல்லாம் மதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் வீடியோக்கள் தாமே ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. அது இயல்பாக ஒலியுள்ளவற்றை மட்டுமே தடுக்கும். 'ஒலி, ஒளி இரண்டையும் தடு' என்று நாம்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் விளம்பர வீடியோக்கள் பெரும்பாலும் ஊமையாகவே ஓடுகின்றன. அதே உலாவியின் முகவரிப் பட்டையில் அபவுட் கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து உள்ளே போனால் 'இமேஜ் அனிமேஷன் மோட்' என்றொரு வரி இருக்கும். அதன் மதிப்பை ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று மாற்றினால் ஜிஃப் படம் ஒருமுறை மட்டும் ஆடி நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது: விளம்பரம் இருக்கிறது, ஆட்டம் இல்லை! ஆனால் ஜாவாஸ்கிரிப்டால் ஆடுபவற்றிடம் இது செல்லாது.

அவற்றுக்கு விளம்பரத் தடுப்பு நீட்சிதான் வழி. யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சி நன்றாக வேலை செய்கிறது. 2025-இல் குரோம் பழைய வகை நீட்சிகளை ஏற்பதை நிறுத்திவிட்டதால், அங்கே அதன் 'லைட்' வகைதான் ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் முழு வகையே ஓடுகிறது. உலாவியின் அதிகாரபூர்வ நீட்சிக் கூடத்திலிருந்து மட்டுமே இதைப் பெறுங்கள். 'உங்கள் கணிப்பொறி மெதுவாக இருக்கிறதா? இங்கே அழுத்துங்கள்' என்று குதிக்கும் விளம்பரத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். மெதுவாக்குவதே அதுதான்!

நீட்சி எல்லா விளம்பரத்தையும், அசையாததையும் சேர்த்துத்தான் மறைக்கும். இது எனக்குச் சற்று உறுத்தலான இடம். ஆகவே நீங்கள் விரும்பிப் படிக்கும் தளம் ஒன்று அமைதியான விளம்பரங்களையே வெளியிடுகிறது என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு சொடுக்குதான். குறிப்பாகத் தமிழில் நடக்கும் சிறிய தளங்களுக்கு இதைச் செய்யுங்கள். குதிக்கும் செருப்பை வெளியிடுபவர்களுக்குச் செய்ய வேண்டியதில்லை.

பள்ளிக் கணிப்பொறி அறையில் இவற்றை நீங்களாகச் செய்யாமல், பொறுப்பாசிரியரிடம் உங்கள் அளவீடுகளைக் காட்டிக் கேளுங்கள். பேட்டரி முழுவதும் ஏற்றிய ஒரு மடிக்கணிப்பொறியில், திரையின் ஒளியை மாற்றாமல், ஒரே பக்கத்தை ஒருநாள் விளம்பரங்களோடும் மறுநாள் அவை இல்லாமலும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பேட்டரி எத்தனை விழுக்காடு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அறையில் செய்வது நல்லது. இயந்திரத்தின் மாதிரி, நினைவகத்தின் அளவு, உலாவியின் பெயர் ஆகியவற்றோடு அந்த எண்களை ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள்.